நாற்பத்தொரு சிவப்பு முடிச்சு

ஆட்டோ ஏரிப் பூங்காவின் வாசலில் நின்றது. நான் இறங்கிவிட்டேன். ஸ்டெல்லா இறங்கவில்லை.

சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்க்கிறேன், அம்மணி ஆணி அடித்த மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு துப்பட்டா. மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலை ஏழரை மணி, தண்ணீர் மேல் லேசாகப் பனி. இருந்தாலும், கழுத்தை இப்படிச் சுற்றி மூடும் அளவுக்கு ஆவடியில் என்றைக்குக் குளிர் அடித்திருக்கிறது?

"இறங்குடி, மீட்டர் ஓடுது" என்றேன். அந்த ஆட்டோவில் மீட்டரே கிடையாது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. பூங்கா வாசலை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். உள்ளே கூட்டமா என்று கேட்கிறாள்.

"ஒருத்தரும் இல்ல. வாக்கிங் வர்ற பென்ஷன்காரங்க நாலு பேரு. அவங்க அவங்க முட்டிவலியைப் பத்திப் பேசவே அவங்களுக்கு நேரம் பத்தாது. உன்னை யாரு கேக்கப் போறாங்க? வா."

மெதுவாக இறங்கினாள். ஏழு மாதத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர வேறோர் இடத்துக்காக அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான். அவளுக்குக் காட்டுவதற்காக நாற்பத்தொரு பூச்செடிகளை நான் பத்திரம் பண்ணி வைத்திருந்தேன். பத்திரம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

பக்கத்து ஸ்டூல்காரி

இந்தத் தொடரில் அம்பத்தூர் எஸ்டேட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பக்கத்து ஸ்டூல்காரி' என்று ஒருத்தி வந்து போவாள் அல்லவா, அவள்தான் ஸ்டெல்லா. பெயர் போட்டால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தாள். இந்த வாரம் அவளே போடச் சொல்லிவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் நாங்கள் ஒரே பெஞ்சில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தோம். லாரிகளுக்குப் போகும் விரல் நீள இரும்புப் பின்கள் தட்டுத் தட்டாக வரும். அளவு சரியா, கீறல் உண்டா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கழித்ததை ஒரு பக்கமும் தள்ள வேண்டும். பத்தடி தள்ளி பிரஸ் மெஷின்கள் நாள் முழுக்க இடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. ஸ்டெல்லா பேசினால் மட்டும் கேன்டீன் வரைக்கும் கேட்கும்.

'சைரன் ஸ்டெல்லா' என்றுதான் பெயர். ஷிஃப்ட் சங்கு ரிப்பேரான நாளில், "ஸ்டெல்லாவை ஒரு வாட்டி கத்தச் சொல்லுங்கப்பா" என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். அவள் மாதா கோயிலில் பாடகர் குழுவிலும் இருந்தாள். திருவிழாப் பூசையில் அவள் வாயைத் திறந்தால் மைக்செட்காரர் எழுந்து ஓடிப்போய் சவுண்டைக் குறைப்பாராம். இதை அவளே பெருமையாகச் சொல்வாள்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. வாயைத் திறந்தால் காற்று வரும், காற்றின் நடுவில் பாதி வார்த்தை வரும். குரல் நரம்பு தளர்ந்திருக்கிறது, பயிற்சி எடுத்துப் பேசப் பேசத் தேறும் வாய்ப்பு இருக்கிறது, முதல் ஒரு வருஷம்தான் முக்கியம், அதற்குள் பேசிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பழகத்தான் பார்த்தாள். நெமிலிச்சேரியில் அவள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை கேட்டிருக்கிறாள். "இன்னாமா? சத்தமா சொல்லு" என்றிருக்கிறார் கடைக்காரர். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் "இன்னாமா?" பின்னால் நின்ற யாரோ, "வாய் பேச வராது போல கீது, எழுதிக் காட்டச் சொல்லுபா" என்று சொல்லிவிட்டார். அந்த ஆளும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஸ்டெல்லா மாத்திரை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அன்றோடு சரி. வீட்டுக்காரரிடம் சைகை. பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்தால் அப்பாதான் எடுப்பார். என்னிடம் வாட்ஸ்அப். அதிலும் ஒற்றை எழுத்து: "ம்."

நான் சும்மா இருப்பேனா? போன் போட்டுத் திட்டுவேன். "டாக்டர் என்னடி சொன்னாரு? ஒரு வருஷம் முடிஞ்சதும் உன் தொண்டையை பரண்ல போடப் போறியா?" மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு கட் ஆகும். பிறகு "ம்" என்று ஒரு மெசேஜ் வரும். என் வாழ்க்கையில் நான் யாரையும் அவ்வளவு திட்டியதில்லை, யாருக்காகவும் அவ்வளவு பயந்ததும் இல்லை.

யாரும் நடாத பூக்கள்

ஏரிக்கு வருகிறேன்.

சென்னையில் ஏது வசந்தம் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவளுக்கு எந்தச் செடி எப்போது பூக்கிறது என்று என்ன தெரியும்? ரிட்டயர் ஆன பிறகு சர்க்கரைக்குப் பயந்து நடக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையோரத்தில் இருக்கிற ஏரி அது. ஒரு காலத்தில் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறோம். இப்போது கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, பெஞ்சும் ஊஞ்சலும் வைத்திருக்கிறார்கள். வரிசையாக அரளியும் குரோட்டன்ஸும் நட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் சொல்ல வந்த பூக்கள் அவை இல்லை.

மழைக்காலத்தில் கரை வரைக்கும் ஏறி நிற்கும் தண்ணீர், தை மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். அப்போது கரைச் சரிவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மண் ஒரு பட்டையாக வெளியே வரும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அங்கே பூப்பதைப் பார்க்க வேண்டும்! நீர்முள்ளி, கணுவுக்குக் கணு முள்ளை வைத்துக்கொண்டு, அந்த முள்ளுக்கு நடுவிலேயே கத்திரிப்பூ நிறத்தில் வளையமாகப் பூத்து நிற்கும். கொஞ்சம் மேலே ஏறினால் தும்பை. அவ்வளவு வெள்ளையை எந்தச் சோப்பு விளம்பரத்திலும் பார்த்ததில்லை. தும்பை இருந்தால் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் வந்துவிடும். இன்னும் மேலே, சரிவு காய்ந்த இடத்தில், ஆவாரை மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். அறுபது வயது வரைக்கும் இதைப் பார்க்காமல் என்ன கிழித்தோம் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு நாள் காலை நீர்முள்ளியை போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். வழக்கமான "ம்" வரும் என்று நினைத்தேன். "இது இன்னா பூ?" என்று வந்தது.

மூன்று வார்த்தை! பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கிற என் வீட்டுச் சமையலறையில் தோசை கருகிக்கொண்டிருந்தது, நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் தும்பை. "இதுல தேன் உறிஞ்சுவோமே" என்று வந்தது. அடுத்த நாள் ஆவாரை. இப்படியே இரண்டு வாரம். பிறகு ஒரு புதன்கிழமை அவளே அனுப்பினாள்: "நேர்ல பாக்கணும். சனிக்கிழம வரேன். என்ன யாரோடயும் பேச வெக்கக் கூடாது."

தொட்டால் மெமோ

மறுநாள் வியாழக்கிழமை பூங்கா வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, திங்கக்கிழம பெரிய ஆபீசரு பார்க்கு பாக்க வர்றாராம். நாளைக்கி கேங்கு வருது. ரெண்டு நாளு வேல. மொத்தமா கிளீன் பண்ணிருவாங்க."

"கிளீன்னா?"

"கிளீன்தாம்மா. புல்லு பூண்டு ஒண்ணு நிக்காது."

ஏழு மாதம் வீட்டுக்குள் கிடந்தவள் சனிக்கிழமை வருகிறேன் என்கிறாள். வந்து மொட்டை மண்ணைப் பார்த்தால் அப்படியே திரும்பி உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகு அவளை வெளியே கொண்டுவர நான் எந்த ஏரியைத் தேடுவது?

இங்கே எங்கள் கம்பெனியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அளவு பின்னுக்கும் 'மாஸ்டர் பீஸ்' என்று ஒன்று உண்டு. அப்பழுக்கில்லாத ஒன்று. மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வோம். அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். சிவப்பைப் பார்த்தால் யாரும் கைவைக்கக் கூடாது. வைத்தால் மெமோ. ஸ்டெல்லா ஒரு தடவை மாஸ்டர் பீஸை எடுத்து முதுகு சொறிந்துகொண்டாள், மேனேஜர் பார்த்துவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. காரணம் என்ற இடத்தில் 'அரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இருபத்தாறு வருஷம் இந்தப் பழக்கத்தில் ஊறியவள் நான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு சிவப்பு ரிப்பன் சுருளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். ஒவ்வொரு செடியாக இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தேன். பூ நிறைய இருக்கிறதா, இலையில் பூச்சி ஓட்டை இருக்கிறதா, தண்டு நேராக நிற்கிறதா. தேறியதற்கு மட்டும் ஒரு முடிச்சு. தேறாததை அப்படியே விட்டேன். குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிட்டது. மொத்தம் நாற்பத்தொன்று. கரையின் மேல் ஏறி நின்று பார்த்தால் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சிவப்பு கட்டினால் தொடக்கூடாது என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்ன?

வேரோடு

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஸ்டெல்லாவை ஊஞ்சல்களைத் தாண்டி நடத்திக்கொண்டு போகிறேன். தூரத்தில் புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. "அந்த வளைவு தாண்டினதும் கண்ணை மூடிக்கோ, நான் சொன்னதும் திற" என்றெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே வளைவைத் தாண்டினேன்.

தாண்டினால், குழிகள்.

ஈர மண்ணில் சின்னச் சின்னதாக, சுத்தமாகத் தோண்டிய குழிகள். சுற்றி நான் முடிச்சுப் போடாத செடி ஒவ்வொன்றும் ஓர் இலைகூடக் குறையாமல் நிற்கிறது. முடிச்சுப் போட்டது ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு தள்ளுவண்டியில் அத்தனையும் வேரோடு படுத்திருந்தது. சிவப்பு ரிப்பன்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

பச்சைக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து வேகமாக வந்தாள். கேங்குக்குத் தலைவி, கன்னியம்மா என்று பெயர். தினமும் பார்க்கிற முகம்தான், பேசியதில்லை. நாற்பது வயதிருக்கும். முகம் நிறையச் சிரிப்பு.

"மேடம், வந்துட்டீங்களா! பாருங்க, ஒண்ணு வுடல. நாப்பத்தொண்ணு. எண்ணிக்கினே புடுங்கினோம்."

"யாரு உன்னைப் புடுங்கச் சொன்னது?"

சிரிப்பு நின்றது. "நீங்கதானே மேடம் கட்டிட்டுப் போனீங்க? வாட்ச்மேன் சொன்னாரு, வாக்கிங் வர்ற மேடம்தான் கட்டிச்சின்னு. எத எடுக்கணும்னு குறிச்சிக் குடுத்துட்டாங்க, நமக்கு வேல மிச்சம்னு நாங்க சந்தோசப்பட்டோம்."

"எடுக்கவா? விட்டுவைக்கக் கட்டினேன்! கண்ணை எங்க வெச்சிருந்தீங்க எல்லாரும்? குப்பையெல்லாம் நிக்குது, நல்ல செடியா பார்த்து..."

"செவப்பு போட்டா எடுத்துருவாங்கதானே மேடம்?"

எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள்.

"யாரு சொன்னது அப்படி?"

"யாரு சொல்லணும்? கொமணன்சாவடிக்குப் பின்னால கால்வா ஓரமா கீது எங்க ஊடு. இருந்திச்சி. ஒரு நாளு வந்து செவுத்துல செவப்பு பெயிண்ட்டுல நம்பரு போட்டுக்கினு போனாங்க. எதுர்ல புளியமரத்துக்கும் போட்டாங்க. எங்க மாமியா, சர்க்காரு எதோ குடுக்கப் போவுதுன்னு அந்த நம்பர சுத்திக் கோலம்லாம் போட்டுச்சு. நாலாம் நாளு ஊடும் இல்ல, மரமும் இல்ல. மெட்ரோ கட்ற ரோட்டுலயும் பாத்துக்கினுதான் கீறோம். செவப்பு வட்டம் போட்ட மரம் எதனா அப்பால நின்னுதா, சொல்லுங்க."

கையை நீட்டிக் காட்டினாள். விரல் முழுக்க நீர்முள்ளி கிழித்த கோடுகள். "கிளவுசே கிழிஞ்சி பூட்ச்சி. இந்த முள்ள யாரு தொடுவாங்க? மேடம் ஆசப்பட்டு குறிச்சிக் குடுத்துகீதுன்னு புடுங்கினோம்."

நல்ல மனுஷி யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பாள். எனக்கு வாய் ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் பிரேக் பிடிக்காது. "அதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? அறிவு வேணாமா?" என்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சரோ."

பின்னாலிருந்து என் பெயர் வந்தது. முதலில் காற்று என்றுதான் நினைத்தேன்.

"வாய மூடு. நீ ஒரு வார்த்த சொன்னியா அவங்க கிட்ட?"

கிட்ட வந்து

ஏழு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட ஸ்டெல்லாவின் குரல் அதுதான். முழுக்கக் கீறல். ஒரு சொல் மேலே ஏறும், அடுத்த சொல் காணாமல் போகும். ஆனால் திட்டுகிற தோரணை பழைய தோரணைதான், அதில் ஒரு குறையும் இல்லை.

என்னை விட்டுவிட்டு கன்னியம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். புல் வெட்டும் மெஷின் அதை அப்படியே தின்றுவிட்டது.

கன்னியம்மா காதில் கையை வைத்தாள். "இன்னாக்கா? காதுல வுழல. சத்தமா சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வார்த்தைக்குப் பயந்து இவள் வீட்டுக்குள் கிடந்தாளோ, அதே வார்த்தை. "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அட, கிட்ட வந்து சொல்லுக்கா" என்றாள் கன்னியம்மா. "அந்த மிஷினு காட்டுக் கத்து கத்துது. எனக்கு எங்க கேக்குது?"

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள். அந்தச் சேற்றில் காலை வைத்து நாலைந்து எட்டு நடந்து கன்னியம்மாவின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வேர் இருக்குது. திருப்பி நட்டா பொழைக்குமா?"

கன்னியம்மா வண்டியைத் திரும்பிப் பார்த்து யோசித்தாள். "தும்ப கஷ்டம்க்கா. அது மினுக்கி, வாடிப்பூடும். ஆவாரயும் பொழைக்காது. நீர்முள்ளி கல்லு மாரி. தண்ணியாண்ட குத்திவெச்சா பொழச்சிக்கும்."

"வா, வெப்போம்" என்றாள் ஸ்டெல்லா.

அவ்வளவுதான் பேச்சு. கன்னியம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேங்கில் இருந்த இன்னும் இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். ஸ்டெல்லா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரோரம் குந்திவிட்டாள். நானும் குந்தினேன். கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் மேடம், அந்தப் பக்கம் குழி ஆழமாத் தோண்டு" என்று என்னை வேலை வாங்கினாள்.

துப்பட்டா சேற்றில் விழுந்து விழுந்து இடைஞ்சலாக இருந்தது. ஸ்டெல்லா அதை அவிழ்த்துக் கரையில் எறிந்தாள். கழுத்தின் குறுக்கே தழும்பு தெரிந்தது.

"தொண்டைல இன்னாக்கா?"

"ஆபரேஷன்."

கன்னியம்மா மண் கையோடு குனிந்து உற்றுப் பார்த்தாள். "நல்லா தச்சிகீறான்க்கா. எங்க ஊட்டாண்ட டெய்லரு ஜாக்கெட்டுகூட இவ்ளோ நேரா தைக்கமாட்டான்."

ஸ்டெல்லா சிரித்தாள். சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் தோளெல்லாம் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, கையிலிருந்த செடி நழுவியது. நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

நான் கழித்தவை

நட்டு முடித்த பிறகுதான் பூப் பார்க்க வந்தோம் என்பதே ஞாபகம் வந்தது. மிச்சம் நின்றது எல்லாம் நான் தேறாது என்று கழித்த செடிகள். ஸ்டெல்லா அவற்றுக்கு நடுவில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே விஷ்ணுகிராந்தி படர்ந்திருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. உட்கார்ந்து பார்த்தால் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக, அப்படி ஒரு நீலம். பக்கத்தில் மூக்குத்திப்பூ, நீளக் காம்பின் மேல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. இலையில் ஓட்டை என்று நான் ஒதுக்கிய தும்பையில் இரண்டு வண்ணத்துப்பூச்சி. பூச்சி கடிக்காத செடியாகப் பார்த்து முடிச்சுப் போட்ட என் இன்ஸ்பெக்‌ஷனை என்னவென்று சொல்வது! ரிட்டயர் ஆனபோது எனக்குக் கேடயம் வேறு கொடுத்தார்கள்.

ஸ்டெல்லா ஒவ்வொன்றாகத் தொட்டுக் கன்னியம்மாவிடம் பெயர் கேட்டாள். கன்னியம்மா சிலதற்குச் சொன்னாள். சிலதற்கு, "இதுக்குப் பேரு தெரியாதுக்கா. நாங்க புடுங்கறதோட சரி" என்றாள். பாதிக் கேள்வி அவளுக்குக் காதில் விழவில்லை. "இன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஸ்டெல்லாவும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தால் இதையெல்லாம் எடுக்கச் சொல்லமாட்டாரா என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் கூட்டியாரமாட்டாங்க மேடம்" என்றாள் கன்னியம்மா. "சேறு. ஷூ அழுக்காயிடும்ல?"

அந்த மூன்று பெண்களும் டீ குடிக்கப் போகிற நேரத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். முள் கிழித்த அதே கையால் அதே செடிகளைத் திரும்ப நட்டார்கள். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. நான் பல கேங்குகளைப் பார்த்தவள், பல சூப்பர்வைசர்களையும் பார்த்தவள். கன்னியம்மா மாதிரி ஒருத்தி எங்கள் கம்பெனியில் இருந்திருந்தால் நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்திருப்பேன்.

பின் சீட்டு

ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தோம். நெமிலிச்சேரி வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகத்தான் எனக்கு எண்ணம்.

"நீ ஊட்டுக்குப் போ. நான் போயிக்கிறேன்" என்றாள் ஸ்டெல்லா.

ஷேர் ஆட்டோ என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டுப் பேர் அடைந்துகொண்டு, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போவார்கள். நாம் இறங்கும் இடம் வந்தால் நாம்தான் கத்த வேண்டும். கத்தாவிட்டால் திருநின்றவூரோ அதற்கு அப்பாலோ, டிரைவர் இஷ்டம்.

"முன்னால டிரைவர் பக்கத்துல உக்காரு, தோளைத் தட்டினாப் போதும்" என்றேன். வந்த வண்டியில் முன்னால் இடமில்லை. கடைசி வரிசையில் ஓர் ஓரம்தான் இருந்தது. அடுத்த வண்டியில் போகலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அரைமணி ஆயிற்று. மெசேஜ் இல்லை. முக்கால் மணி ஆயிற்று. கத்தியிருப்பாள், கேட்டிருக்காது, எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள், இனிமேல் ஆயுசுக்கும் திறக்கமாட்டாள். நான்தான் பாவி, தனியாக ஏற்றிவிட்டேன். சாதம் குழைந்துபோனதுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது. மெசேஜ் இல்லை, அழைப்பு. அவள் பெயர்.

வீட்டுக்காரர்தான் அவள் போனிலிருந்து கூப்பிடுகிறார், என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எடுத்தேன். முதலில் லாரிச் சத்தம். பிறகு மூச்சு வாங்குவது கேட்டது.

"சரோ, பாவி நிறுத்தவே இல்லடி! நாலு வாட்டி கத்துனேன். ரெண்டு ஸ்டாப்பு தள்ளிப் போயி இறக்கி வுட்டான். வெயில்ல நடந்துகினு வரேன்."

"ஐயையோ, அழுதியாடி?"

"நான் ஏன் அழுவுறேன்? இறங்கி நேரா டிரைவராண்ட போயி நின்னு நல்லா கேட்டேன்."

"என்னன்னு?"

"காது கேக்குதா உனக்குன்னு கேட்டேன்."